முதல் செய்திக்குக் கிடைத்த மெமோ

லிங்கராஜபுரம், பெங்களூரு
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பத்ரி அண்ணாவுக்கு,

அர்த்த ராத்திரியில் மெயில் போடுவதற்கு மன்னித்துக்கொள். பகலில் ஆபீஸ், சாயங்காலம் தர்ஷு. அவள் தூங்கின பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. மன்னிக்கு முட்டி வலி தேவலையா? அப்பா வாக்கிங் போகிறாரா? இங்கே தர்ஷுவுக்கு மூன்று நாளாக ஜுரம். பல் முளைப்பதால்தான் என்று டாக்டர் சொல்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை, மணிக்கொரு தரம் எழுந்து தொட்டுப் பார்க்கிறேன். ரகுராம் புனேயில், வெள்ளிக்கிழமைதான் வருவார். மௌரீன் ஆன்ட்டி மட்டும் இல்லையென்றால் ஜூன் மாதமே வேலையை விட்டிருப்பேன். ரெண்டு தெரு தள்ளி அவர் வீடு. தன் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர் என்று அப்பா சொல்லி அனுப்பினதால் குழந்தையை நம்பி விட்டேன். என் கையில் சாப்பிடாத சாதத்தைத் தர்ஷு அவர் கையில் சாப்பிடுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். பீன்யா ஃபாக்டரியின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் வரலாற்றுச் சுவர் ஒன்று வைக்கப் போகிறார்களே, அதற்காக அப்பாவைப் பற்றி நீ எழுதின குறிப்பைப் படித்தேன். கோபம்தான் வந்தது. "இந்தியாவின் முதல் ஈமெயிலை அனுப்பியவர் நிர்வாக அதிகாரி திரு. சுந்தரராமன்." யார் சொன்னது உனக்கு? போதாததற்கு, ஈமெயிலையே ஒரு தமிழ்ப் பையன்தான் கண்டுபிடித்தான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் எடுத்து ஒட்டியிருக்கிறாய். அந்தப் பையன் 1978இல் ஒரு ப்ரோக்ராம் எழுதி அதற்கு அந்தப் பெயர் வைத்தது நிஜம். ஆனால் அதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற இன்ஜினியர், பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு மெஷின்களில் ஒன்றிலிருந்து மற்றதற்குச் செய்தி அனுப்பியாகிவிட்டது. அதைச் செய்யும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. முதல் செய்தியில் என்ன இருந்தது என்று பின்னால் கேட்டதற்கு, மறந்துபோச்சு என்றார். அவ்வளவுதான் அதன் கதை.

அப்பா 1989இல் பீன்யாவிலிருந்து ஆனேக்கல் யூனிட்டுக்கு டெலிபோன் லைன் வழியாக அனுப்பினதை "எங்கள் தொழிற்சாலையின் முதல் மின்செய்தி" என்று போடு. அதுவே பெரிய விஷயம். எதற்கு இந்தியாவை எல்லாம் இழுக்கிறாய்?

நீ கேட்ட, அப்பா இங்கே விட்டுப்போன பழைய ஃபைலை லாஃப்டிலிருந்து இறக்கிவிட்டேன். அதில் ஒரு காகிதம் கிடைத்தது. அதைப் பற்றி அப்பாவிடம் கேட்க வேண்டும். இரண்டு தரம் போன் செய்தேன். இரண்டு தரமும் நீதான் எடுத்து, "அப்பா படுத்திண்டிருக்கார்" என்றாய். எழுந்ததும் பேசச் சொல்.

உன் தங்கை,
ஸ்ரீலக்ஷ்மி


நங்கநல்லூர், சென்னை
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள லச்சுவுக்கு ஆசிகள்.

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். குழந்தைக்கு இதற்குள் ஜுரம் விட்டிருக்கும். நீ சின்ன வயசிலிருந்தே இப்படித்தான், இல்லாததை எல்லாம் நினைத்து நடுங்குவாய். மன்னி முட்டிக்குத் தைலம் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறாள்.

இந்தியாவை எடுத்துவிட்டேன். தமிழ்ப் பையனையும் எடுத்துவிட்டேன். திருப்தியா? அண்ணனைத் திட்டுவதற்காகவே காலேஜ் படித்தவள் நீ.

விழா டிசம்பர் 14, ஞாயிறு. மேடைக்குக் கூப்பிட்டு சால்வை போடுகிறார்கள். அப்பா இப்போதே மயில்கண் வேஷ்டியை எடுத்து வெளியில் வைத்துவிட்டார். எழுபத்தேழு வயதில் அவருக்குக் கிடைக்கிற சந்தோஷம் இது ஒன்றுதான். ஃபைலில் இருக்கிற போட்டோக்களையும் சர்வீஸ் சர்டிபிகேட்டையும் கூரியரில் அனுப்பு. அந்த மெமோவைக் கிழித்துப் போடு, யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அப்பாவிடம் அந்தப் பேச்சை எடுக்காதே. பிரஷர் ஏறிவிடும்.

பத்ரி


லிங்கராஜபுரம்
10 ஆகஸ்ட் 2025

அண்ணா,

சௌக்கியம் விசாரிக்கப் பொறுமை இல்லை. தர்ஷுவுக்கு ஜுரம் விட்டது, நான்தான் கொதித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் "ஒரு காகிதம்" என்றுதானே எழுதினேன்? மெமோ என்று உனக்கு யார் சொன்னது?

அப்படியானால் உனக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்துதான் அந்தக் குறிப்பை எழுதியிருக்கிறாய். நீ படித்ததில்லை என்றால் இப்போது படி, இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் தருகிறேன். நான் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன் அப்பா கொடுத்தது:

"11.8.1989 அன்று மதியம் 1.20 மணிக்கு, உணவு இடைவேளையில், மேலதிகாரியின் அனுமதியின்றிக் கம்ப்யூட்டர் லைன் வழியாக ஆனேக்கல் யூனிட்டுக்குச் சொந்தச் செய்தி அனுப்பியுள்ளீர்கள். இத்தொழிற்சாலையில் இதற்கு முன் எவரும் இப்படிச் செய்ததில்லை என்பதால் தங்களது பொறுப்பின்மையும் ஒழுக்கக்குறைவும் மேலும் கடுமையாகப் பார்க்கப்படுகின்றன. தாங்கள் உடனடியாக பேக்கிங் பிரிவுக்கு மாற்றப்படுகிறீர்கள்."

பெறுநர்: மௌரீன் ஜோசப், டைப்பிஸ்ட். கையெழுத்து அப்பாவுடையது.

இதற்கு முன் எவரும் செய்ததில்லை! அப்பாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், முதல் செய்தியை அனுப்பியது யார் என்று. எம்.டி. முன்னால் அவர் அனுப்பிக் காட்டினது, உன் குறிப்புப்படி, ஆகஸ்ட் 21; இரண்டு தேதியையும் இப்போதுதான் சேர்த்துப் பார்த்தேன். பத்து நாள் கழித்து.

அதைவிட ஒன்று. அப்பாவின் எல்லாக் கடிதங்களின் அடியிலும் இடது ஓரத்தில் இரண்டு பேருடைய முதலெழுத்து இருக்கும். வாயால் சொன்ன அதிகாரிக்குப் பெரிய எழுத்தில், அடித்தவருக்குச் சின்ன எழுத்தில், நடுவில் ஒரு கோடு. இந்த மெமோவின் அடியில் என்ன இருக்கிறது தெரியுமா? எஸ்.ஆர்., கோடு, எம்.ஜே. தன்னைத் தண்டிக்கிற கடிதத்தை அவரே உட்கார்ந்து அடித்திருக்கிறார். அப்பா எதிரில் நின்று சொல்லச் சொல்ல.

நேற்று தர்ஷுவை அழைத்து வரப் போனபோது கேட்டேன். குழந்தைக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, அப்பா ஃபைல்ல ஒரு மெமோ இருக்கு. உங்க பேர்ல."

துடைத்த கை நின்றுவிட்டது. "அத்த இன்னுமா வெச்சினு இருக்காரு? உங்கப்பாவாச்சே, ஒரு காயிதம் தொலைக்க மாட்டாரு."

"அப்படி என்ன அனுப்பினேள்?"

"என்னாத்த அனுப்புனேன்! மழைமா. கேன்டீனுக்குப் போவ முடியல. ஒரு வாரமா இன்ஜினியருங்க வெறும் நம்பரா அனுப்பி அனுப்பிப் பாத்துனு இருந்தாங்க. நம்பர் மட்டும்தான் போவுமா, நாம பேசறது போவாதான்னு எனக்கு ஒரு இது. 'இங்க மழ, அங்க?'ன்னு இங்கிலீஷ்ல அடிச்சு வுட்டேன். ரெண்டு நிமிசத்துல ஆனேக்கல்லேர்ந்து, அங்க டைப் அடிக்கற அன்னம்மாள் பதில் போட்டா பாரு!"

"என்னன்னு?"

"சாப்ட்டியான்னு."

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவரே சொன்னார்: "பதினேழு வருசம் அட்டப்பொட்டி ஒட்டுனேன். எங்க ஊட்டுக்காரர்கிட்டகூட மெமோன்னு சொல்லல, கண்ணு வலிக்குது, நானே கேட்டு மாறிக்கினேன்னு சொன்னேன். வுடுமா. சும்மா எதுக்குக் கெளர்ற."

நான் விடமாட்டேன். குறிப்பில் மௌரீன் ஜோசப் என்று பெயர் வர வேண்டும். அப்பாவிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?

ஸ்ரீலக்ஷ்மி


நங்கநல்லூர்
18 செப்டம்பர் 2025

அன்புள்ள லக்ஷ்மிக்கு,

அனைவரும் நலம். ஆபீஸில் ஆடிட், அதனால்தான் பதில் போட முடியவில்லை. உன் நான்கு மெயிலும் பதினோரு மிஸ்டு காலும் பார்த்தேன்.

மெமோ விஷயம் அம்மா சொல்லித் தெரியும். அம்மா போவதற்கு முன் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை எழுத விருப்பமில்லை.

நிதானமாக யோசி. அப்பா அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றினார், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் ஒரு லைனை அனுமதி இல்லாமல் தொட்டால் எந்த அதிகாரியும் அதைத்தான் செய்திருப்பார். அவளே விடு என்கிறாள். உனக்கு என்ன வந்தது? இன்னொன்றும் யோசி. இதைக் கிளறப் போய் நாளைக்கு அவள் மனசு மாறிக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்றால் யாரிடம் விடுவாய்? உன் வேலை என்னாகும்? நான் உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

குறிப்பு விழாக் கமிட்டிக்குப் போய்விட்டது. இனி மாற்ற முடியாது.

பத்ரி


லிங்கராஜபுரம்
19 செப்டம்பர் 2025

அண்ணா,

அவள் அவள் என்று எழுதாதே. அறுபது வயதுப் பெண்மணி. உன் மாமியாரை அப்படி எழுதுவாயா?

நாற்பது நாள் யோசித்து எங்கே அடித்தால் எனக்கு வலிக்கும் என்று கண்டுபிடித்து அடித்திருக்கிறாய். நீ சொன்ன பயம் எனக்கு உன்னைவிட நூறு மடங்கு அதிகம். அதனால்தான் இந்த ஒரு மாதமாக அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. மெயின் ரோட்டில் ஒரு க்ரீச் போய்ப் பார்த்தேன். பதினெட்டுக் குழந்தைக்கு இரண்டு பெண்கள், மூலையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. வாசலிலேயே திரும்பி வந்துவிட்டேன். ஆமாம், எனக்கு அவர் வேண்டும். நீயும் அப்பாவும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள், இல்லையா?

அப்பா இவரை எனக்கு எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். யாரிடமோ நம்பர் வாங்கி அவரே பேசியிருக்கிறார். "முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு சார் போன் பண்றாரு, நான் தன்னால எழுந்து நின்னுட்டேன்," என்றார் ஆன்ட்டி. "'மௌரீன், நீ பொறுப்பான பொண்ணு, அதான் உன்னக் கேக்கறேன், என் பேத்திய பாத்துக்கணும்'னாரு. வேற ஒண்ணும் பேசல."

பொறுப்பான பொண்ணு! அப்பாவுக்குத் தன் பேத்திக்குக் கால் அலம்பி விட ஆள் தேவைப்பட்டபோது அந்தப் பொறுப்பு ஞாபகம் வந்துவிட்டது. நல்ல நியாயம்.

இந்த மெயிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டு. இல்லையென்றால் பிரிண்ட் எடுத்து அவர் பெயருக்கே ஸ்பீட் போஸ்டில் அனுப்புவேன். மன்னியைக் கேட்டதாகச் சொல்.

ஸ்ரீலக்ஷ்மி


நங்கநல்லூர்
2 அக்டோபர் 2025

சி. சௌ. ஸ்ரீலக்ஷ்மிக்கு அநேக ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம். உன் க்ஷேமமும் மாப்பிள்ளை, குழந்தை க்ஷேமமும் அறிய ஆவல்.

கைப்பட எழுதி, பத்ரியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உன் தபால் கிடைத்தது. பெற்ற பெண் இந்த மாதிரி எழுதுவாள் என்று நான் நினைத்ததில்லை.

உனக்கு ஒன்று விளங்க வேண்டும். அந்த இரண்டு கம்ப்யூட்டர்களையும் வாங்க வேண்டும் என்று நோட் போட்டவன் நான். டெலிபோன் இலாகாவுக்கு எட்டு மாதம் நடந்து லைன் வாங்கினவன் நான். அன்று மெஷின் பழுதாகியிருந்தால் பதில் சொல்லியிருக்க வேண்டியவன் நான், அந்தப் பெண் அல்ல. பதில் சொல்ல வேண்டியவன் எவனோ அவன்தான் அனுப்பினவன். விளையாட்டுக்குப் பட்டனை அமுக்கினவர்கள் எல்லாம் அனுப்பினவர்கள் ஆகிவிட முடியாது. டெஸ்பாட்ச் கிளார்க் ஒட்டி அனுப்பினான் என்பதற்காகக் கடிதம் அவனுடையது ஆகுமா?

மௌரீன் நல்ல டைப்பிஸ்ட். நான் மறுக்கவில்லை. அவருக்கு இப்போது நம் வீட்டில் ஒரு வருமானத்துக்கு வழி செய்ததும் நான்தான் என்பதை நீ மறக்க வேண்டாம்.

குழந்தையை ஈரக் காற்றில் வெளியே எடுத்துப் போகாதே.

இப்படிக்கு ஆசீர்வாதம்,
சுந்தரராமன்


லிங்கராஜபுரம்
5 அக்டோபர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு நமஸ்காரம்.

குழந்தை சௌக்கியம். நீங்கள் மாத்திரை வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? கோபமாகத்தான் எழுதுகிறேன், ஆனாலும் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் நோட் போட்டீர்கள், லைன் வாங்கினீர்கள். அதை எல்லாம் சுவரில் எழுதட்டும், நானே கை தட்டுகிறேன். ஆனால் டெஸ்பாட்ச் கிளார்க் கதை இங்கே பொருந்தாது அப்பா. அவன் ஒட்டின கவரில் இருப்பது வேறொருவர் எழுதின கடிதம். "இங்கே மழை, அங்கே?" என்பதை நீங்களா சொல்லி எழுதச் சொன்னீர்கள்? அந்த இயந்திரத்தில் மனுஷர் மனுஷரோடு பேசலாம் என்று உங்கள் ஃபாக்டரியில் முதலில் நினைத்தது யார்? அமெரிக்காவில் அந்த இன்ஜினியரும் யாரையும் கேட்காமல்தான் அனுப்பிப் பார்த்தார். அவரை யாரும் அட்டைப்பெட்டி ஒட்ட அனுப்பவில்லை. அவர் பெயரை உலகமே சொல்கிறது.

பொறுப்பு உங்களுடையது என்றால் மெமோவையும் நீங்களேதான் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். தண்டனை என்றதும் அனுப்பினது மௌரீன். சால்வை என்றதும் அனுப்பினது நீங்கள். இது எந்த ஊர் ரூல்?

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். விழா வேலையைப் பார்க்கிற ஷ்ரேயாஸ் என்ற பையனுக்கு மெமோவின் பிரதியை இன்று காலை அனுப்பிவிட்டேன். மௌரீன் ஆன்ட்டியிடம் இன்னும் சொல்லவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். விழா அன்று தன் பெயரைச் சுவரில் பார்த்துச் சந்தோஷப்படட்டும்.

உங்கள் பெண்,
ஸ்ரீலக்ஷ்மி


நங்கநல்லூர்
16 நவம்பர் 2025

லக்ஷ்மி,

நாங்கள் யாரும் சௌக்கியமாக இல்லை, அதனால் அதைக் கேட்காதே.

கமிட்டியிலிருந்து போன் வந்தது. என் குறிப்பை எடுத்துவிட்டார்களாம். சால்வை உண்டாம், ஆனால் "ஓய்வு பெற்ற அதிகாரிகள்" என்று பதினைந்து பேரோடு வரிசையில். அப்பா வரவில்லை என்று சொல்லச் சொல்லிவிட்டார். வேஷ்டியை மடித்து உள்ளே வைத்துவிட்டார். மூன்று நாளாக டி.வி.யைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

அம்மா என்ன சொன்னாள் என்பதை அன்று எழுதவில்லை. நீ கேட்கவில்லை, ஆனால் சொல்கிறேன். "அந்தப் பொண்ணை ஒரு தரம் போய்ப் பாருங்கோன்னு உங்கப்பாகிட்ட சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்டா." அவ்வளவுதான் சொன்னாள். அப்பா போகவில்லை. நானும் போகவில்லை. அது தப்பு என்று எனக்குத் தெரியாதென்று நீ நினைக்காதே.

விழாவுக்கு நீ போய்க் கொண்டாடு.

பத்ரி


லிங்கராஜபுரம்
15 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பா சாப்பிடுகிறாரா? இதை உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் வேறு யாருக்கு எழுதுவேன்?

நேற்று விழாவுக்குப் போனோம். மௌரீன் ஆன்ட்டி நீலப் பட்டுப் புடவையில் வந்தார். மகன் பிரகாஷ், மருமகள், சர்ச்சில் கூடப் பாடுகிற மூன்று பெண்கள், எல்லோரையும் கூட்டிக்கொண்டு. "உங்க பேர் சுவர்ல வரும்" என்று முதல் நாள்தான் சொன்னேன். எப்படி வரும் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மெமோவையே பெரிசுபடுத்தி மாட்டியிருந்தார்கள் அண்ணா. ஓர் ஆள் உயரத்துக்கு. அனுப்பின செய்தியைக் காணோம், அன்னம்மாள் போட்ட பதிலைக் காணோம். "பொறுப்பின்மை", "ஒழுக்கக்குறைவு" என்ற இடங்களில் மஞ்சள் அடித்து, மேலே "எங்கள் முதல் மின்செய்திக்குக் கிடைத்த பரிசு!" என்று தலைப்பு. சின்ன வயசுப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று விரலை நீட்டி மிரட்டுவது போல செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஷ்ரேயாஸ் ஓடி வந்து, "மேடம், இதுதான் இன்னிக்கு ஹிட்!" என்றான்.

பிரகாஷ் கடைசி வரி வரைக்கும் படித்தான். "கண்ணு வலின்னு சொன்னியேம்மா," என்றான். சர்ச் பெண்கள் மூன்று பேரும் வேறு சுவரைப் பார்த்தார்கள்.

ஆன்ட்டி கிட்டே போய்ப் பார்த்தார். "ஒரு தப்புகூட இல்ல பாரு," என்றார். "அழுதுனே அடிச்சது."

ஆட்டோவில் திரும்பி வந்தோம். இறங்கினதும் என்னைத் திட்டினார். தெருவில் நிற்க வைத்துத் திட்டினார். "உன்ன நான் கேட்டனா? வுடுன்னு சொன்னேன் இல்ல? முப்பத்தாறு வருசமா எம்புள்ளைக்குத் தெரியாம வெச்சினு இருந்தேன். உங்கப்பா என்னக் கேக்காம எழுதுனாரு. நீ என்னக் கேக்காம மாட்டிட்டே. நீ அவரு பொண்ணுதான்."

நான் என்ன கேட்டேன் தெரியுமா, அந்த நேரத்தில்? "நாளைக்குத் தர்ஷுவைக் கொண்டு வரலாமா ஆன்ட்டி?" இதுதான் வாயில் வந்தது. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"கொழந்த என்னா பண்ணுச்சு? கொண்டாந்து வுடு," என்றார். அப்புறம், "எனக்கு சுவரும் வேணாம், பேரும் வேணாம். எல்லாரும் படிச்சாச்சு. இப்போ அந்த மெமோவ வாபஸ் வாங்கிக் குடு. கையெழுத்து போட்டவரு கையாலயே. நான் அத்த எம்புள்ளகிட்ட காட்டணும்."

சுவரிலிருந்து எடுக்கச் சொல்லி இன்று காலையிலேயே சண்டை போட்டு எடுக்க வைத்துவிட்டேன். மீதி அப்பா கையில்தான் இருக்கிறது. ரிடையர் ஆனவருக்கு அதிகாரம் இல்லை என்று சட்டம் பேசாதே. அவருக்கு வேண்டியது அதிகாரம் இல்லை, ஒரு கடிதம். அம்மா சொன்னதை எனக்கு எழுதினாய் அல்லவா, அதை அப்பாவிடமும் சொல். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஸ்ரீலக்ஷ்மி


நங்கநல்லூர்
29 டிசம்பர் 2025

சி. சௌ. ஸ்ரீலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம். க்ஷேமம்.

பத்ரி சொன்னான். இரண்டு நாள் யோசித்து இதனுடன் வைத்திருக்கும் கடிதத்தை எழுதினேன். கூரியரில் அனுப்பியிருக்கிறேன். மௌரீனிடம் சேர்ப்பித்துவிடு. இத்துடன் இந்த விஷயம் முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.

சுந்தரராமன்

இணைப்பு:

"திருமதி மௌரீன் ஜோசப் அவர்களுக்கு. தங்களுக்கு 1989ஆம் ஆண்டு ஆகஸ்டில் வழங்கப்பட்ட மெமோ தொடர்பாக: அதன் பிறகு தங்களது நடத்தையில் திருப்திகரமான முன்னேற்றம் காணப்பட்டதைக் கருத்தில் கொண்டு, கருணை அடிப்படையில், மேற்படி மெமோ இதன் மூலம் திரும்பப் பெறப்படுகிறது."


லிங்கராஜபுரம், பெங்களூரு
4 ஜனவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு நமஸ்காரம்.

உங்கள் கூரியர் வெள்ளிக்கிழமை வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கேயும் பனி என்று மன்னி சொன்னாள். தர்ஷு நடக்க ஆரம்பித்துவிட்டாள். கையைப் பிடித்தால் உதறிவிடுகிறாள்.

அந்தக் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன்.

நடத்தையில் முன்னேற்றம்! பதினேழு வருஷம் அட்டைப்பெட்டி ஒட்டினதில் அவர் நடத்தை திருந்திவிட்டதா? கருணை அடிப்படையில்! யாருக்கு யார் கருணை காட்டுவது அப்பா? உங்கள் பேத்திக்கு வாந்தி வந்தபோது தன் புடவையில் ஏந்தின மனுஷிக்கு நீங்கள் கருணை காட்டுகிறீர்களா? படித்ததும் கிழித்தெறிந்திருப்பேன். உங்கள் கையெழுத்து நடுங்கியிருப்பதைப் பார்த்தேன், அதனால் கிழிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்தீர்கள் என்பதை நம்புகிறேன். இரண்டு நாள் யோசித்தும் ஆபீசராகவேதான் யோசித்திருக்கிறீர்கள்.

என் தப்பையும் சொல்கிறேன். அவரைக் கேட்காமல் மெமோவை அனுப்பினேன். அவருக்கு நல்லது எது என்று அவரைவிட எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். மறுநாளே அவரிடம் போய், "நான் பண்ணினது தப்பு ஆன்ட்டி" என்று சொன்னேன். வாய் திறந்து அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். அவர் உடனே ஒன்றும் சமாதானம் ஆகிவிடவில்லை. "சரி, சாதம் ஊட்டணும், தள்ளு," என்றார். ஆனால் நான் உயிரோடுதான் இருக்கிறேன். நீங்களும் இருப்பீர்கள்.

தினமும் காலையில் குழந்தையை வாங்கிக்கொள்ளும்போது, "சார்கிட்டேர்ந்து ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்கிறார். நேற்றும் கேட்டார். வரவில்லை என்று பொய் சொன்னேன். பின்னால் பிரகாஷ் நின்றுகொண்டிருந்தான். எத்தனை நாள் சொல்வேன்?

வேறு ஒரு கடிதம் எழுதுங்கள். என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. நான் சொல்லி நீங்கள் எழுதினால் அது உங்களுடையதாக இருக்காது. முன்னேற்றம், கருணை என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் வேண்டாம். அன்று மதியம் யார் தப்புச் செய்தது என்று உங்களுக்கே தெரியும். அதை எழுதுங்கள். நான்கு வரி போதும்.

இந்த வாரத்துக்குள் பதில் எழுதுங்கள் அப்பா.

ஸ்ரீலக்ஷ்மி